வரதன் சொல்லாமல் விட்டது

சாமுண்டீஸ்வரி அக்காவின் வீட்டு முன்கூடத்தை ஊரில் தர்பார் என்றுதான் சொல்வார்கள். கிண்டலாகத் தொடங்கிய பெயர், நாளடைவில் நிலைத்துவிட்டது. வெள்ளானூரைத் தாண்டியிருக்கும் அந்த ஊராட்சிக்கு அக்கா மூன்று முறை தலைவராக இருந்தவள். செங்கல் சூளையில் ஆரம்பித்து, லாரி, தண்ணீர் டேங்கர், கல்யாண மண்டபம் என்று வளர்ந்தவள். காலையில் குளித்துவிட்டு அவள் வந்து உட்காருவதற்குள் கூடம் நிறைந்துவிடும். பட்டா கேட்டு வருகிறவர்கள், பாகப்பிரிவினைச் சண்டைக்காரர்கள், மகனுக்கு வேலை கேட்கும் தாய்மார்கள். எல்லோரும் அக்காவிடம் பேசிவிட்டு, போகும்போது வரதனைப் பார்த்து ஒரு முறை தலையசைத்துவிட்டுப் போவார்கள். அக்கா சரி என்று சொன்னதை நடத்திக் கொடுப்பவன் அவன்தான்.

வரதனின் தாத்தா அந்த ஊர் முன்சீப். நிலமெல்லாம் அப்பா எத்திராஜ் காலத்திலேயே மனைகளாகிவிட்டது. மிஞ்சியது ஓட்டு வீடும் 'முன்சீப் ஊட்டுப் புள்ள' என்ற பேரும்தான். அந்தப் பேர் வரதனைச் சும்மா இருக்க விடவில்லை. ஊராட்சித் தலைவர் நாற்காலி ஒரு நாள் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்ற ஆசை, மீசை முளைக்கும் முன்பே அவனுக்கு முளைத்துவிட்டது.

ஆனால் அவன் அக்காவிடம் வந்து சேர்ந்தது அந்த ஆசையால் அல்ல. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஆவடி நெடுஞ்சாலையில் அப்பாவின் வண்டியை ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. கூட்டம் சுற்றி நின்று பார்த்ததே தவிர யாரும் தொடவில்லை. அந்த வழியாகக் காரில் வந்த அக்கா இறங்கி, எத்திராஜின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர்கள் பிழைத்துவிடுவார் என்று சொல்லும்வரை ரத்தம் காய்ந்த புடவையோடு வராண்டாவிலேயே இருந்தாள். அதன்பிறகு அப்பா பல வருடங்கள் உயிரோடு இருந்தார். கோல் ஊன்றித்தான் நடந்தார். ஆனாலும் மகள் சுதாவின் கல்யாணத்தைப் பார்த்தார், பேத்தியைத் தூக்கினார். அந்த வருடங்கள் அக்கா கொடுத்தவை என்பதில் வரதனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அப்பா வீடு திரும்பிய மறுநாள் காலையில் போய்க் கூடத்தில் நின்றான்.

"இன்னா நைனா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்க்கா. எதுனா வேல குடுங்க."

அன்று நின்றவன்தான். பதினைந்து வருடமாகிவிட்டது.

கலைவாணியை அவன் சந்தித்தது தண்ணீர்ச் சண்டையில். பழைய வயல்வெளியில் எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில், அக்காவின் டேங்கர் லாரியைச் சங்கத்துக்காரர்கள் மறித்து நிறுத்திவிட்டார்கள். சமாதானம் பேச வரதனை அனுப்பினாள் அக்கா. சங்கத்தின் செயலாளர் என்று முன்னால் வந்தவள், அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் திருச்சிப் பெண். வாதாடவில்லை. ஒரு டம்ளரில் டேங்கர் தண்ணீரைப் பிடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"குடிச்சிட்டுப் பேசுங்க."

வரதன் குடித்தான். எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு கரிக்குதுங்க," என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். திரும்பி வந்து அக்காவிடமும் அவன் அதையே சொன்னான். அக்கா முகத்தைச் சுளித்தாள். ஆனால் மறுநாளே வேறு கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கச் சொல்லிவிட்டாள். நன்றி சொல்லக் கலைவாணி தொலைபேசியில் அழைத்தாள். பிறகு மழைநீர்க் கால்வாய்க்காக அழைத்தாள், தெருவிளக்குக்காக அழைத்தாள். கொஞ்ச நாளில் காரணமில்லாமலும் அழைத்தாள்.

கொரட்டூர் ஏரிக்கரை நடைபாதையில்தான் வரதன் தன் மனதைத் திறந்தான். அவள் தண்ணீரைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் நடந்தாள்.

"எனக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு வரதன். ஒரு வருஷம்கூட நிக்கல. அடி தாங்காம வெளிய வந்தேன். விவாகரத்துக் கேசுல அவர் என்னைப் பத்தி வாய் கூசுற மாதிரியெல்லாம் எழுதிக் கொடுத்தாரு. கோர்ட்டு நம்பல. ஆனா எங்க அப்பா இன்னும் அந்த நாளுல இருந்து எழுந்து வரல. இங்க யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட அனுதாபத்துக்காகச் சொல்லல. தெரியாம நீங்க என்னை விரும்பக் கூடாதுன்னு சொல்றேன்."

"இப்ப தெரிஞ்சிக்கினேன்ல," என்றான் வரதன். "கேட்டதுக்கு இன்னும் பதில் வரல."

அன்று அவள் தந்த பதிலுக்காக அவன் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், வீட்டுக்குப் போகிற வழியில் திருமுல்லைவாயில் கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

தேர்தல் வந்தது. அக்காவின் இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. படி ஏற முடியவில்லை. ஒரு காலை, கூடம் நிரம்பியிருந்த நேரத்தில் சொன்னாள்.

"இந்த வாட்டி நான் நிக்கல. வரதன் நிப்பான். முன்சீப் ஊட்டுப் புள்ள. எனக்குப் பண்ண மாதிரி அவனுக்கும் பண்ணுங்க."

கைதட்டினார்கள். அக்காவின் தம்பி சரவணக்குமார் மட்டும் தட்டவில்லை. வரதன் போய் அக்காவின் காலைத் தொட்டான். எத்தனையோ வருட ஆசை, கேட்காமலே மடியில் வந்து விழுந்திருந்தது.

அதே வாரத்தில், குடியிருப்புக்காரர்கள் கலைவாணியை நிற்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். புதிதாக வந்த குடும்பங்களின் ஓட்டு இப்போது பழைய ஊரின் ஓட்டுக்குச் சமமாகிவிட்டிருந்தது. முதலில் மறுத்தவள், மழைக்காலத்தில் கீழ்த்தளத்து வீடுகளில் கழிவுநீர் புகுந்ததை நினைத்து ஒப்புக்கொண்டாள். வரதனிடம் அவளே வந்து சொன்னாள்.

"நீங்க நிக்கிறது தெரிஞ்சேதான் நிக்கிறேன். உங்களுக்குக் கோவம்னா இப்பவே சொல்லிடுங்க."

"கோவம் இல்ல. நான் அக்கா பேரச் சொல்லி ஓட்டு கேப்பேன். உன்னைப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேச மாட்டேன்."

"அது போதும்," என்றாள் கலைவாணி.

அப்படியே நடந்திருந்தால் இந்தக் கதையில் சொல்ல எதுவும் இருந்திருக்காது. கொரட்டூர் ஏரிக்கரையில் இருவரையும் சேர்த்துப் பார்த்த சரவணக்குமார், அதைத் தன் அக்காவின் காதில் போட்டான். மனுத் தாக்கலுக்கு முந்தைய நாள் வரதனை அழைத்தாள் அக்கா. கூடத்தில் அவளும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். கார் டிரைவர் மோகன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பொண்ணு மேல ஆசப்படறியாமே?"

"ஆமாம்க்கா. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அது உன் இஷ்டம். கட்டிக்க. ஆனா தேர்தல் வேற. அவ திருச்சிய உட்டுட்டு ஏன் இங்க வந்தா? பின்னால இன்னாமோ கீதுன்றான் இவன். உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். மறுநாள் மனுத் தாக்கல் செய்திருக்கலாம், நாற்காலியும் வந்திருக்கும். வரதன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்துக்கு முன்னால் அவன் இதுவரை பொய் சொன்னதில்லை.

"தெரியும்க்கா. சொல்ல மாட்டேன்."

சரவணக்குமார் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். "பாத்தியாக்கா. உன் உப்பத் தின்னுட்டு எவளுக்கோ காவல் காக்கிறான்."

அக்கா தம்பியை உட்காரச் சொன்னாள். "வரதா, நான் கேக்கிறேன். எனக்காகச் சொல்லு."

"என் உயிரக் கேளுங்கக்கா, குடுக்கிறேன். அது என்னுது. இது அவளுது. நம்பி வெச்சிட்டுப் போனத எடுத்துக் குடுக்க எனக்கு இன்னா உரிமை கீது?"

 அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நீ நிக்க வேணாம்," என்றாள் கடைசியில். "என்கிட்ட மறைக்கிறவன என் நாற்காலில உக்கார வெக்க முடியாது. நாளைக்குச் சரவணன் மனு போடட்டும். நீ கெளம்பு."

வரதன் அவளுடைய காலைத் தொட்டுவிட்டுத்தான் கிளம்பினான். அக்கா தடுக்கவுமில்லை, தலையில் கை வைக்கவுமில்லை.

விஷயம் கேள்விப்பட்ட கலைவாணி அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவன் அம்மா காபி போட உள்ளே போனதும், "எனக்காக இப்படி ஆயிடுச்சே," என்றாள்.

"உனக்காக இல்ல வாணி. சொல்லியிருந்தா என்னால என் மூஞ்சியவே கண்ணாடில பாக்க முடிஞ்சிருக்காது. ஆனா ஒண்ணு. உனக்காக நான் ஓட்டு கேக்க வர மாட்டேன். அக்காவுக்கு எதிரா மைக் புடிக்க என்னால முடியாது. தப்பா எடுத்துக்காத."

"எங்க அப்பா உயிரை ஒருத்தர் காப்பாத்தியிருந்தா நானும் அப்படித்தான் இருப்பேன்," என்றாள் அவள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளை ஆயுள் முழுக்க நேசிக்கலாம் என்று தோன்றியது வரதனுக்கு.

பிரசார நாட்கள் அவனுக்குக் கொடுமையாக இருந்தன. இரண்டு தரப்பு ஆட்டோக்களும் அவன் வீட்டு வழியாகத்தான் கத்திக்கொண்டு போயின. வேலைக்குப் போக இடமில்லை. தலையசைத்தவர்கள் இப்போது வேறு பக்கம் பார்த்தபடி வண்டியில் போனார்கள். ஆசை விட்டுப்போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஊராட்சி அலுவலகத்தைக் கடக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ இழுத்தது. மாடிக் குழாயைச் சரிசெய்தான், அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். சரவணக்குமார் எப்போது எதைக் கிளப்புவானோ என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருந்தான். எதுவும் வரவில்லை. கடைசி நாள் கூட்டத்தில்கூட சரவணக்குமார் சாலை, பாலம் என்று பேசிவிட்டு இறங்கிவிட்டான்.

கலைவாணி சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

முடிவு வந்த மறுநாள், மோகன் வரதனைத் தேடி வந்தான். வாசலில் நின்றபடியே பேசினான்.

"அண்ணாத்தே, இத்த நான் சொன்னன்னு அக்காவுக்குத் தெரிய வேணாம். ஓட்டுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி சரவணன் ஒரு ஆளத் திருச்சிலேந்து கூட்டினு வந்தாரு. அந்தப் பொண்ணோட பழைய புருஷனாம். கடைசி நாள் மேடைல ஏத்திப் பேச வெக்கிறதா பிளான். கூடத்துல உக்கார வெச்சு, அக்கா முன்னாடி அவன் ஆரம்பிச்சான் பாரு, அசிங்க அசிங்கமா."

வரதன் படியிறங்கி அவன் அருகே வந்தான். "அக்கா இன்னா சொன்னாங்க?"

"கொஞ்ச நேரம் கேட்டாங்க. அப்பறம், போதும்ப்பா, கைய கழுவிகினு சாப்புடுன்னாங்க. எலை போட்டு, கறிக்கொழம்பு ஊத்தி, அவங்களே பக்கத்துல நின்னாங்க. அவன் சாப்புட்டு முடிச்சதும் என்னைக் கூப்பிட்டு, இவர கிளாம்பாக்கத்துல பஸ் ஏத்தி உட்டுட்டு வா, பஸ்ஸு கெளம்பறவரைக்கும் அங்கயே நில்லுன்னாங்க. சரவணன் குதிச்சாரு. தோத்துடுவோம்க்கான்னு கத்தினாரு."

"உம்."

"அதுக்கு அக்கா சொன்னாங்க. பதினஞ்சு வருஷமா என் ஊட்டு சமாச்சாரம் எல்லாம் வரதன் வயித்துல கீது. ஒண்ணு வெளிய வந்துச்சா? வேலையவுட்டு அனுப்பிச்சும் வரலியே. அவன் கட்டிக்கப்போற பொண்ண மேடைல வெச்சு அசிங்கப்படுத்தி அந்த நாற்காலில உக்காந்தா, நான் எங்க போய் மூஞ்சிய வெச்சிக்கிறது? தோத்தா தோத்துப் போ, அப்பிடின்னுட்டாங்க."

மோகன் போன பிறகும் வரதன் அங்கேயே நின்றான். அம்மா உள்ளிருந்து யாரென்று கேட்டாள்.  அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த நாளில் அழுததற்குப் பிறகு, அப்படி நன்றியில் அவன் அழுதது அன்றுதான்.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனான். கூடத்தில் அவ்வளவாகக் கூட்டமில்லை. தோற்ற வீட்டுக்கு அவசரமாக யார் வருவார்கள்? அக்கா கால்களை முக்காலி மேல் நீட்டி, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வரதன் போய் அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தானே தேய்க்க ஆரம்பித்தான். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தான். 

"அக்கா..."

"மோகன் வாயில ஒரு பூட்டு போடணும்," என்றாள் அக்கா. "கொஞ்சம் மேல தேய். அங்கதான் வலி."

அவன் தேய்த்தான். நெடுநேரம் கழித்து அவள் கை அவன் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

"உன்ன அன்னிக்கு அனுப்பினது தப்புன்னு நான் சொல்லப்போறதில்ல. எனக்குக் கோவம் வந்துச்சு, அனுப்பினேன். நீ சொல்லாம இருந்ததும் தப்பில்ல. மண்டபத்துல மாசி மாசம் ஒரு முகூர்த்தம் காலியா கீது. வேற யாருக்கும் குடுக்காதன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவளக் கூட்டினு வா."

ஞாயிற்றுக்கிழமை கலைவாணியைக் கூட்டிக்கொண்டு போனான். அவள் ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் வாங்கி வந்திருந்தாள். அக்காவைக் கும்பிட்டுவிட்டு, அவள் ஏதோ நன்றி சொல்லத் தொடங்குவதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"உக்காரும்மா. பழைய ஊர் பக்கம் கால்வாய் தூர்ந்து போய்க் கெடக்குது. எங்களுக்கு ஓட்டு போட்ட தெருன்னு உட்டுடாத. வடக்கு மூலைல ஒரு மதகு கீது, அதத் தொறந்தாத்தான் உங்க பில்டிங்குத் தண்ணியும் வடியும்."

"மதகா? எங்க மேப்புல இல்லியே," என்றாள் கலைவாணி.

"மண்ணு மூடிடுச்சு. நான் வந்து காட்டறேன்."

"முழங்கால் வலியோட எப்படி வருவீங்க?"

"காருல வரேன். வரதா, மோகன வண்டி எடுக்கச் சொல்லு."

இரண்டு பெண்களும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். வரதன் முன்னால் மோகன் பக்கத்தில் உட்கார்ந்தான். கார் ஊர் ஏரிக்கரையில் திரும்பும்போது பின்னால் மதகின் அகலம் பற்றி வாக்குவாதம் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா சொன்னதைக் கலைவாணி ஒத்துக்கொள்ளவில்லை, கலைவாணி சொன்னதை அக்கா காதில் வாங்கவில்லை. அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்க, வரதன் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டே போனான்.