ஆள் தெரியாத நிழல்

சுடர்விழி காலையில் பால் காய்ச்சுவாள். இட்லியை இரண்டு டப்பாக்களில் அடைப்பாள். முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் லாஸ்பேட்டைக்குப் போய், தான் வேலைவாய்ப்பு அலுவலராக இருக்கும் கல்லூரியின் பிளேஸ்மென்ட் அறையைத் திறப்பாள், ஜன்னல்களைத் தள்ளிவிடுவாள், நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் நிழல்கள் யாருடையவை என்று பார்ப்பாள். வேலைக்குத் தயாராகிவிட்ட மாணவரின் நிழல் அவரை விட்டுவிட்டு முன்கூட்டியே அங்கு வந்து உட்காருவது அந்தக் கல்லூரியில் வழக்கம். மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோளையும் கழுத்தையும் வைத்து ஆளைச் சொல்ல அவளால்தான் முடிந்தது. வகுப்புக்குப் போய்ப் பெயர் சொல்லி அழைத்துவருவாள். நிழல் எழுந்து உரியவர் காலில் ஒட்டிக்கொள்ளும். இன்டர்ன்ஷிப் கிடைத்து, சில வாரங்களில் அவர் சென்னைக்கோ ஓசூருக்கோ போய்விடுவார். கம்பெனிக்காரர்கள் வரும் நாளுக்குள் ஆள் கிடைக்காத நிழல் கரைந்துவிடும். பிள்ளைச்சாவடி வெற்றிச்செல்வனுக்கு அப்படி ஆனது. சுடர்விழி காய்ச்சலில் விடுப்பு எடுத்திருந்த வாரம் அது. அவன் இப்போதும் வெயிலில் நிழலில்லாமல் நடக்கிறான். எந்த வேலையிலும் தங்குவதில்லை.

வேலைவாய்ப்பு அலுவலர்களின் சங்கம் ஒன்று, துறையில் வளர்ந்துவரும் இளையவர்களுக்கு ஆண்டுதோறும் விருது தருகிறது. அந்தப் பிப்ரவரியில் கல்லூரி முதல்வர் செம்மல் அவள் பெயரை அனுப்பினார். அதே வாரம், திங்கட்கிழமை, கடைசி நாற்காலியில் ஒரு பெண்ணின் நிழல் இருந்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு, எழுப்பிவிடுவார்களோ என்பதுபோல நாற்காலியின் நுனியில் கூனி உட்கார்ந்திருந்தது. சுடர்விழிக்கு ஆள் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கம்பெனி வருகிறது.

வகுப்பு வகுப்பாகப் போய்ப் பார்த்தாள். பி.காம். படிக்கும் தஸ்லீம், "மேடம், என்னுது இன்னும் தூங்கிக்கினு இருக்கு. எழுப்பட்டுமா?" என்றாள். வகுப்பே சிரித்தது, சுடர்விழி சிரிக்கவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவன் இனியவன் கேட்டதற்கு, யாரோ ஒரு பெண்ணின் பிழைப்பு தன் கண்ணெதிரே கரையப்போகிறது என்று மட்டும் சொன்னாள். வியாழன் மதியம் மாணவிகள் அத்தனை பேரையும் மைதானத்து வெயிலில் நிறுத்தினாள். எல்லோர் காலடியிலும் நிழல் இருந்தது. எல்லோரும் பயந்துபோய்த் தங்கள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோதிக்கிறவளின் காலை யாரும் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. மின்துறையில் எழுத்தராக இருக்கும் இனியவன், அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் வந்து இறங்கினான். அவள் நின்ற இடத்தில் வெறும் செம்மண்தான் தெரிந்தது. நிழல் திரும்ப ஒட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போனவர்கள் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் சொன்னான்.

"சுடர், அது உன்னுதுதான்."

அவள் அறைக்குப் போனாள், இனியவனும் கூடப் போனான். இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு நிழலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு எழவில்லை. இதயம் என்றார் டாக்டர். வயது முப்பது.

இரங்கல் கூட்டத்தில், "என் மாணவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதே அவள் கடைசியாகச் சொன்னது என்று முதல்வர் பேசினார். ஏப்ரலில் விருது வந்தது. கேடயத்திலும் அதையே பொறித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கம்பெனி வந்துபோன பிறகும் நிழல் கரையவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறது. காலையில் புதிய நிழல்கள் வந்தால் எழுந்து போகிறது, உரிய வகுப்பில் உரியவரின் மேசைமேல் விழுகிறது, அவரும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வருகிறார். இதுவரை யாரையும் தவறவிட்டதில்லை. நிர்வாகம் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. கூட்டுகிறவர்கள் அந்த நாற்காலியைச் சுற்றிக் கூட்டுகிறார்கள். இனியவன் மதியத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறான். கேடயத்தை மாற்றச் சொல்லி அவன் யாரிடமும் கேட்கவில்லை. அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

"ஏங்க, இப்டியா கூன் போட்டுக்கினு உக்காந்துருக்கேன் நான்?"