வழிமொழிய ஆளில்லை

"பொலிஸைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கூப்பிட்டது நீங்கள்தான் எண்டு நாளைக்கு ஊர் சொல்லும், தங்கச்சி. யோசிச்சுக் கதையுங்கோ."

யோகலிங்கத்தின் குரல் மண்டபத்தைத் தாண்டி வீதி வரைக்கும் போனது. அன்புவழிபுரத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளரும் அவர்தான். தகரம் விற்றுப் பழகிய குரல் கூட்டத்திலும் இறங்குவதில்லை.

"யோசிச்சுத்தான் கதைக்கிறன், அண்ணை," என்றாள் குணேஸ்வரி. அவளுடைய குரலும் ஏறித்தான் இருந்தது.

பள்ளிக்கு ஒரு பொலிஸ் உத்தியோகத்தரை நிறுத்த வேண்டும் என்று முன்மொழிந்தவள் அவள். ஐஸ் என்கிற போதைத்தூள் பள்ளிக்குள் வருகிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை என்பதையும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அப்படியென்றால் வருகிற தூள் எல்லாம் மதிலில் இருக்கிற காகங்களுக்குப் போகிறது போல.

எதிர்த்தவர்களின் கதையிலும் நியாயம் இருந்தது. காக்கிச் சட்டையைக் கண்டால் இன்னும் வீதி மாறிப் போகிற தகப்பன்மார் அங்கே இருந்தார்கள். தமிழ் தெரியாத பொலிஸ்காரன் குமர்ப் பெண்பிள்ளைகளிடம் எந்தப் பாஷையில் விசாரிப்பான் என்று ஒரு தாய் கேட்டாள். போன வருசமென்றால் குணேஸ்வரியும் அதையேதான் கேட்டிருப்பாள்.

கூட்டத்துக்கு இதில் இன்னொரு ருசியும் இருந்தது. யோகலிங்கத்தின் மூத்தவன் இராகுலனுக்கும் குணேஸ்வரியின் மகள் கீர்த்தனிக்கும் பொருத்தம் பார்த்தாகிவிட்டது, தை பிறந்தால் கலியாண எழுத்து. சம்பந்திமார் சங்கத்தில் சண்டை பிடிக்கிறதைப் பார்க்காமல் ஆர் தேத்தண்ணி குடிக்க எழும்புவார்கள்?

குணேஸ்வரி முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருசன் கத்தாரில். அவளுக்கு உப்புவெளியில் ஒரு விடுதிக் குசினியில் சமையல் வேலை. வீட்டில் முதலில் தண்ணி மோட்டர் காணாமல் போனது. பிறகு காஸ் சிலிண்டர். பிறகு சாமியறைக் குத்துவிளக்கு. கள்ளன் என்று அக்கம்பக்கத்துக்குச் சொன்னாள். பூட்டை உடைக்காமல் எடுத்துக்கொண்டு, திரும்பப் பூட்டிவிட்டும் போகிற கள்ளன் எந்த ஊரான் என்று அக்கம்பக்கம் அவளுக்கு முன்னால் கேட்கவில்லை, பின்னால் கேட்டது.

மகன் யதுர்சனுக்கு இந்த வருசம் ஓ.எல். என்கிற பதினொராம் வகுப்புச் சோதினை. அடித்துப் பார்த்தாள், காலில் விழுந்தும் பார்த்தாள். கோணேசர் கோயிலில் கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கினாள். அன்று பின்னேரமே அவன் கண் சிவந்து வந்தான். ஆஸ்பத்திரியில் எத்தனையோ மாதம் தள்ளி வரச்சொல்லித் திகதி கொடுத்தார்கள். பொலிஸில் விற்கிறவனின் பெயரோடு வரச் சொன்னார்கள். பெயர் சொன்னால் கொன்றுபோடுவான்கள் என்று பெடியன் நடுங்கினான். ஒரு நாள் மட்டும் அழுது சொன்னான்: "வீட்டில நிண்டா சமாளிச்சிடுவன், அம்மா. பள்ளியில பின்மதிலால எறியிறாங்கள். கண்டா விட ஏலாமக் கிடக்கு."

அந்த மதிலடியில் ஒரு பொலிஸ். அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"வழிமொழிய ஆர் இருக்கினம்?" என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டார்.

சரஸ்வதி பூசைக்குக் கடலையா பயறா என்பதற்கும் ஒருவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிய வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். கடலைக்குப் போட்டி போட்டு எழும்பியவர்கள் இன்றைக்குக் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழிமொழிந்தவரின் பெயர் கூட்ட அறிக்கையில் ஏறும். அவர் வீட்டில் என்ன பிரச்சினையோ என்ற கதை பின்னால் வரும். ஆளில்லாவிட்டால் தீர்மானம் விழும் என்று அதிபர் சொன்னார், விழுந்தால் நிம்மதி என்கிற முகத்தோடு.

கீர்த்தனியின் எழுத்துக்கு எடுத்த சேலை அலுமாரியில் பூட்டிக் கிடந்தது குணேஸ்வரிக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"என்ர மகன் ஐஸ் பாவிக்கிறான். யதுர்சன். ஊரில ஆற்ற பிள்ளையும் இல்லையெண்டு சொன்னனீங்கள், என்ர பிள்ளை எண்டு எழுதுங்கோ. வீட்டில விக்கிறதுக்கு இனிச் சாமானில்லை. அவன் சாகிறதைப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது. ஒராள் கை தூக்குங்கோ."

அவள் யோகலிங்கத்தைப் பார்த்தாள். "அண்ணை, நீங்கள் தூக்குங்கோ."

அவர் கதிரைக்குக் கீழே இருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடியும் மட்டும் கேட்டது.

கடைசியில் விஞ்ஞான ரீச்சர் சிவாஜினி கை தூக்கினார். பிறகு கைகள் ஒவ்வொன்றாக ஏறின, இரக்கத்திலோ, விடுப்புக் கதையை வீட்டுக்குக் கொண்டுபோகிற அவசரத்திலோ.

பொலிஸ்காரர் வந்தார். நல்ல மனுசன், தமிழும் கதைத்தார். அவரை முன்வாசலில், மரநிழலில், அதிபரின் சொந்தக் கதிரையைப் போட்டு இருத்தினார்கள். காலையில் பால் தேத்தண்ணி, பத்து மணிக்கு வடை. பின்மதில் இருந்தது கழிவறைக்குப் பின்னால்.

"அங்க மணக்குது, பிள்ளை," என்றார் அதிபர், கேட்கப் போன குணேஸ்வரியிடம். "வந்த மனுசனை எப்பிடி அங்க இருக்கச் சொல்லுறது? மரியாதையில்லை."

அதனால் அவளே போய் மதிலுக்கு வெளியே, ஒழுங்கையில் நின்றாள். நாள் முழுக்க நின்றதில் குசினி வேலை போனது. எறிகிறவர்கள் அவளைக் கண்டதும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். யதுர்சனும் தாயைக் கண்டான். அன்றோடு பள்ளிக்கு வருவதை விட்டுவிட்டு, எறிகிறவர்கள் போன இடத்துக்கே அவனும் போனான். இரண்டு இரவு வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, தூங்கினான்.

அவன் தூங்கும்போதே குணேஸ்வரி கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள். பொலிஸ்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு நிமிர்ந்தார்.

"ஐயா, என்ர வீட்டுக்கு வாங்கோ," என்றாள். "பெடியன் உள்ளுக்கு நிக்கிறான். அவன்ர சட்டைப் பையில இருக்கு."

வழக்கு விசாரித்த கோடு அவனைப் போதைப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பியது.

இராகுலன் ஆவணியில் மட்டக்களப்பில் கலியாணம் முடித்தான். பெண்ணுக்குப் பாங்கில் வேலை. யோகலிங்கம் யதுர்சனோடு அதே பள்ளியில் படித்த தன் சின்னவனை அவசரமாகக் கொழும்பில் படிக்க விட்டார். என்ன படிப்பு என்று கேட்டால் கடையில் ஆணி நிறுக்கத் தொடங்கிவிடுவார். கீர்த்தனி தாயோடு கதைப்பதை நிறுத்திவிட்டு வவுனியாவுக்கு வேலைக்குப் போய், அங்கே ஒருவரைப் பதிவுக் கலியாணம் செய்துகொண்டாள். குணேஸ்வரிக்குப் படம் மட்டும் வந்தது, அதுவும் வேறு ஆளின் போனுக்கு.

அவளும் இப்போது இங்கே இல்லை. மகனை வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்து ஊரில், ஒரு சாப்பாட்டுக் கடையில் தேங்காய் திருவுகிறாளாம். கிழமைக்கொருக்கால் பார்க்க விடுவார்களாம். அவள் போகிறாள். அவன்தான் அவளைப் பார்க்க வெளியில் வருவதில்லையாம்.