கந்தப்பன் காரின் பின் சீட்டு

தூறல் விழுந்ததும், ஒப்பாரிக் கூட்டத்தின் நடுவிலிருந்து வசந்தாமணி எழுந்து வாசலுக்கு ஓடினாள். என்னமோ ஏதோ என்று இரண்டு பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். கணவன் கந்தப்பன் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்க, அவள் போய் நின்றது காரின் பக்கத்தில். வந்தவர்கள் உட்கார நாற்காலி போடுவதற்காகக் காலையில்தான் அதை ஷெட்டிலிருந்து வெளியே நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடிகள் விரல் நுழையும் அளவுக்கு இறங்கியிருந்தன. அவள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டாள்.

"பாவம், புத்தி பெரண்டு போச்சு" என்றாள் ஒருத்தி.

"அதெல்லாம் இல்லீங்க. சீட்டு நனைஞ்சா பூஞ்சணம் புடிச்சிருமுங்க" என்றாள் வசந்தாமணி. சொன்ன பிறகுதான், பேசியது தன் வாயே தவிரப் பேச்சு அவருடையது என்று உறைத்தது.

கந்தப்பன் புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். மகன் கதிர்வேல் வேலைக்குப் போன வருஷம், சேலத்தில் இந்தக் காரைப் பழையதாக வாங்கினார். முதல் மார்கழியில் ஏற்காடு போய் எல்லாரும் தொப்பலாக நனைந்து திரும்பினார்கள். ஈர மிதியடியும் குடையும் உள்ளேயே கிடக்க, காரை மூடிவைத்துவிட்டுப் பண்ணை வேலையில் மறந்துபோனார். தை பிறந்து கதவைத் திறந்தால், ஸ்டியரிங்கிலிருந்து பின் சீட்டு வரை சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம். அந்த நாற்றத்துக்குப் பண்ணையே தேவலாம் போலிருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதிலிருந்து, கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்க ஆரம்பித்தால் காருக்குப் பத்தியம் தொடங்கிவிடும். மிதியடிகள் வெயிலில் காயும். அவை இருந்த இடத்தில் செய்தித்தாள் விரித்திருக்கும். பழைய சாக்ஸுக்குள் அடுப்புக்கரியும் கல்லுப்பும் போட்டுக் கட்டி சீட்டுக்கடியில் திணித்துவைப்பார், ஈரத்தை இழுக்குமாம். உச்சி வெயிலில் நாலு கதவும் விரியத் திறந்திருக்கும். ஒரு வருஷம், குளிரில் ரெக்சின் வெடித்துவிடக் கூடாதென்று தேங்காயெண்ணெய் தடவினார். மறுநாள் சீட்டு முழுக்க எறும்பு. வசந்தாமணி சிரித்த சிரிப்புக்கு அவர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ராசிபுரத்துக் கல்யாணம் ஒன்றுக்கு அவள் ஈரத் தலையோடு கிளம்பி வந்தபோது, "காஞ்சதும் ஏறு" என்று வெயிலில் நிறுத்திவைத்துவிட்டார். முகூர்த்தம் முடிந்து பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த மனுஷன் இன்று விடிகாலை அவள் டீயோடு போய் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

கதிர்வேல் வெளியே வந்தான். "அம்மா, சாவியக் குடுங்க. மேச்சேரி போயி அத்தையக் கூட்டியாரோணும். நந்தகுமார் போறான்."

அத்தை என்றது கந்தப்பனின் ஒரே அக்கா முத்தாயம்மாள், வசந்தாமணிக்கு நங்கையா. மேச்சேரியில் பத்துப் பதினைந்து செம்மறிகளோடு தனியாக இருப்பவள். அவள் வந்து தம்பி முகத்தைப் பார்க்காமல் உடலை எடுக்க முடியாது.

"வாடகைக் காரு எதாச்சும்..."

"ஊட்டுல காரு நிக்கறப்ப வாடகைக்கு அனுப்புனா அத்தை என்னம்மா நெனைக்கும்?"

அவள் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். பிறகு உள்ளே போய்ப் பழைய பெட்சீட் இரண்டை எடுத்துவந்து, தன் அண்ணன் மகன் நந்தகுமாரிடம் கொடுத்தாள். "பின்னாடி நல்லா விரிச்சு உடு. அப்பறம் செருப்பு..."

"கழட்டியாச்சுங்கத்தை" என்றான் அவன். மாமாவின் காரில் அவன் முன்பே ஏறியிருக்கிறான்.

கார் திரும்பியபோது கதவு மட்டத்துக்குச் சேறு அப்பியிருந்தது. எடுப்பதற்கு எல்லாம் தயாராக, ஆண்கள் வாசலில் காத்திருந்தார்கள். பின் கதவைத் திறந்துகொண்டு முத்தாயம்மாள் இறங்கினாள். மாராப்புக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். வசந்தாமணி கிட்டே போனதும், சேலைக்குள்ளிருந்து செம்மறிக் குட்டி ஒன்று தலையை நீட்டிக் கத்தியது.

"இதோட ஆத்தா செத்துப்போச்சு சாமி. நேரத்துக்கு நேரம் பாலு குடுக்கோணும். யாருகிட்ட உட்டுட்டு வாரது?"

நந்தகுமார் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "மடியிலயே வெச்சுக்கோங்கன்னுதான் சொன்னேனுங்கத்தை. ஓமலூர் தாண்டுனதும் துள்ளி எறங்கிருச்சு."

வசந்தாமணி குனிந்து உள்ளே பார்த்தாள். பெட்சீட்டுகள் கீழே சுருண்டு கிடந்தன. சீட்டின் நடுப்பள்ளத்தில் குட்டியின் மூத்திரம் குளமாகத் தேங்கி நின்றது. அதன் கரையெல்லாம் மிளகைக் கொட்டின மாதிரி புழுக்கை.

அவள் தலையை வெளியே எடுத்தாள். முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதைப் பார்த்த முத்தாயம்மாள் குட்டியை நந்தகுமார் கையில் திணித்துவிட்டு, "எந்தம்பி போயிட்டானே" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன் சாமி, சிரிக்கறயா?" என்றாள் காதுக்குள்.

"காரப் பாத்தீங்களா நங்கையா?"

"நான் என்ன பண்றது. அவன் இருந்திருந்தா என்னைய ஓமலூர்லயே எறக்கி உட்டிருப்பான்."

"உடமாட்டாருங்க. சீட்டக் கழட்டி வெயில்ல போட்டுட்டு, உங்களயும் குட்டியயும் பக்கத்துல காய வெச்சிருப்பாரு."

கிழவியின் வயிறு குலுங்குவது வசந்தாமணிக்குத் தெரிந்தது. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். கூடப் பிறந்த அக்கா தங்கை போல் இருக்கும் பாசத்தைப் பார் என்று மற்ற பெண்கள் ஓடிவந்து சுற்றிக் கட்டிக்கொண்டு ஓலத்தை உயர்த்தினார்கள். அந்த வட்டத்துக்குள் இரண்டு பேரும் வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிரித்துவிட்டபோது இருவரின் தோள்களும் நனைந்திருந்தன.

கந்தப்பனைக் கொண்டுபோனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். தூறல் விட்டு, மங்கலாக வெயில் வந்தது. வசந்தாமணி சோப்புத் தண்ணீர் வாளியோடு காருக்குப் போனாள்.

"இன்னைக்கா இத பண்ணுவாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஊறிப் போச்சுன்னா பஞ்சுக்குள்ள எறங்கிருமுங்க."

துடைத்தாள், பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். நாலு கதவையும் திறந்துவைத்தாள். மயானத்திலிருந்து திரும்பிய கதிர்வேல், மழித்த தலையோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"எதுக்கும்மா உங்களுக்கு இந்தப் பாடு. வித்தரலாமா?"

அவள் துணியை உதறினாள். "பனி முடியட்டும். அப்பறம், என்னாட்டம் வயசானவங்களுக்குக் காரு ஓட்டச் சொல்லிக் குடுக்கறவங்க யாராச்சும் இருக்காங்களான்னு பாரு."

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனான்.

முத்தாயம்மாள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். குட்டி அவளைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. வசந்தாமணி பாலை வெதுவெதுப்பாக்கி, கிழவி கொண்டுவந்திருந்த ரப்பர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தாள். குட்டியைத் தூக்கிவந்து, கால்களை வெளியே தொங்கவிட்டபடி பின் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி ரப்பரை வாயில் வைத்ததும், அது முன்னங்கால்களை ஊன்றி முட்டி முட்டிக் குடித்தது. இழுத்த இழுப்புக்குப் பாட்டிலை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.