மாப்பிள்ளை கட்டிய கோட்டை

இடுப்பு விட்டுப்போயிருந்தது. தங்கச்சி வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தான் ஒட்டகம். சரக்குக் கிடங்கில் மூட்டை சுமந்து சுமந்து வளைந்துபோன முதுகைப் பார்த்து கூட்டாளிகள் வைத்த பெயர் அது.

விடுமுறை நாள் மதியத்தில் அங்கே ஒரு விளையாட்டு நடக்கும். தங்கச்சி புருஷன் ஒரு மாய உலகத்தைச் சொல்வான். மற்றவர்கள் அதற்குள் ஆளாகப் புகுந்து, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஒட்டகம் வாள்வீரன், தங்கச்சி சூனியக்காரி, எதிர்வீட்டு வெல்டர் திருடன்.

மாப்பிள்ளையின் உலகம் எப்போதும் அந்தரத்தில் நிற்கும். ஒரு ஆறு, ஒரு காடு, தூரத்தில் ஒரு பூதம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டால், "போங்க, போனாப் பாத்துக்கலாம்" என்பான். போன வாரம் வெல்டர் மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "உன் ஊருல ஒரு கதவு உண்டா, ஜன்னல் உண்டா? அட்டைப்பெட்டிக்குள்ள சண்டை போடுற மாதிரி இருக்குப்பா."

இந்த வாரம் மாப்பிள்ளை ஒரு கோட்டையோடு வந்திருந்தான்.

"உள்ள தானியம் அடுக்கியிருக்கு. பின்பக்கம் சின்னக் கதவு. தாழ்ப்பாள்ல துரு. கொஞ்சம் தூக்கிவிட்டு இழுத்தா சத்தமில்லாம வரும். இருட்டுறதுக்கு முன்னாடி காவக்காரன் தண்ணி குடிக்கப் போவான். நாய் கட்டித்தான் கிடக்கும்."

ஒட்டகத்துக்கு இடுப்பு வலி மறந்துபோனது. தூக்கிவிட்டு இழுக்க வேண்டிய அந்தத் தாழ்ப்பாள் அவன் தினமும் கை வைப்பது. கிடங்கின் பின்கதவு.

"மாப்ள, கோட்டைக்குப் பக்கத்துல என்ன ஊரு?"

"அது எதுக்கு மச்சான்?"

"சும்மாதான். ராஜா பேரு என்ன?"

"ராஜான்னே வெச்சுக்குங்க."

"பொண்டாட்டி, புள்ள?"

"அண்ணே, நாம சம்பந்தம் பேசவா வந்திருக்கோம்?" என்றாள் தங்கச்சி. வெல்டர் சிரித்தார்.

ஒட்டகம் சிரிக்கவில்லை. ராஜாவுக்குப் பெயர் கிடையாது, தாழ்ப்பாளுக்குத் துரு மட்டும் உண்டு. கை வைக்கப்போகிறவன் தவிர வேறு யார் இவ்வளவு பார்த்து வைப்பார்கள்?

"சரி, எப்படி உள்ள போவீங்க?" மாப்பிள்ளை முன்னால் குனிந்தான். வெல்டர் உற்சாகமாக வழி சொன்னார். நாய்க்கு எலும்பு, கதவுக்கு எண்ணெய், வெளியே ஒரு வண்டி. மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். ஆட்டம் என்ற பெயரில் மூன்று பேர் மூளையை வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று ஒட்டகத்துக்குப் பட்டது. சூப்பர்வைசர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி மாப்பிள்ளைக்கு அதே கிடங்கில் கிரேன் வேலை வாங்கித் தந்தவன் ஒட்டகம். ஒரு மூட்டை குறைந்தாலும் இரண்டு பேர் வேலையும் போகும், தங்கச்சி குடும்பம் தெருவுக்கு வரும்.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றான்.

"சார், நம்ம மாப்பிள்ளைய கிரேன்ல இருந்து எறக்கி மூட்டைக்குப் போடுங்க."

"ஏன், எதாவது விஷயமா?"

"அதெல்லாம் இல்ல சார். என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

சூப்பர்வைசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மதியத்துக்குள் கிரேனில் வேறு ஆள் ஏறிவிட்டான்.

அடுத்த விடுமுறைக்கு மாப்பிள்ளை தோள் தோலுரிந்து உட்கார்ந்திருந்தான். கோட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. இப்போது ஒரு துறைமுகம்.

"கப்பலுக்கு ஏறுற பலகை நடுவுல மட்டும் வழுக்கும். மூட்டை உரசி உரசி அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு பக்கக் காது தேஞ்சிருக்கும். ஆளைப் பாக்காமலே, மூச்சு வாங்குற சத்தத்த வெச்சு யாருன்னு சொல்லிடுவாங்க."

"இதுதாம்பா ஊரு," என்றார் வெல்டர். "எங்கேருந்து புடிக்கிற இதையெல்லாம்?"

"நிக்கிற எடத்துலேருந்துதான். நீங்க திட்டுனப்புறம் கிரேன் மேல உக்காந்து கீழ பாத்தேன். தாழ்ப்பாளும் நாயும் தெரிஞ்சுது, எழுதினேன். இப்பப் பலகை தெரியுது. ராஜா வீட்ட நான் எங்க போய்ப் பாக்குறது?"

ஒட்டகம் பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். போடவில்லை. பொய்யாக இருந்தால் தேவலை என்று அவன் மாப்பிள்ளையின் முகத்தில் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

"யாரோ போட்டுக்குடுத்திருக்காங்க மச்சான்," என்றான் மாப்பிள்ளை, குரலைத் தாழ்த்தி. சூப்பர்வைசருக்கும் பழக்கமான வெல்டர் பக்கம் கண் போய் வந்தது. "நல்லா ஓட்டிக்கிட்டிருந்தவன காரணமே சொல்லாம எறக்குவாங்களா? உங்க காதுல ஏதாவது விழுந்துச்சா?"

"இல்ல மாப்ள. ஆட்டத்தப் பாரு."

வெல்டர் விடைபெற்றபோது மாப்பிள்ளை எழுந்து வாசல் வரைக்கும் போகவில்லை. இனி அவரைக் கூப்பிட வேண்டாம் என்று தங்கச்சியிடம் மெதுவாகச் சொன்னது ஒட்டகத்துக்கும் கேட்டது. பகடையைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு அவன் செருப்பை மாட்டினான்.

மாப்பிள்ளைக்கு அவன் ஒரு கிரேன் இருக்கை கடன்பட்டிருக்கிறான். அதற்கு முன்னால், உன்னை இறக்கியது நான்தான் என்ற ஒரு வார்த்தை. இரண்டும் இன்னும் கொடுபடவில்லை.