கதவை அறைந்து சாத்துகிறவள்

"ஏம்மா மூஞ்சியை இப்படி வெச்சிருக்க? யாரும் செத்துப் போகலை. ஒரு விழாம்மா, அவ்வளவுதான்."

இஸ்க்ரா போனைச் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, சுட்ட சிவப்புக் குடமிளகாய்களைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவர்கள் ஊரான த்ரோயனில் மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிவிட்டது. போனுக்குள் இருந்த பிலியானாவுக்கோ அப்போதுதான் விடிந்திருந்தது. தலைகூட வாரவில்லை. பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷத்தை அமெரிக்காவில் படித்துவிட்டு வரட்டும் என்று ஆகஸ்டில் விமானம் ஏற்றி அனுப்பிய பெண். ஆரிகனில் ஒரு சின்ன ஊர், கரோல் என்ற ஒருத்தியின் வீடு. இப்போது அக்டோபர்.

"திரும்பச் சொல்லு. மெதுவா."

"கடைசி வருஷப் பிள்ளைங்க சொந்தப் பள்ளிக்கூடத்துல ஆடுற கடைசி வாலிபால் மேட்ச்மா. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தியா பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா, கையைக் கோத்துக்கிட்டு கோர்ட் நடுவரைக்கும் நடக்கணும். எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டுவாங்க. நாங்க அம்மாவுக்குப் பூங்கொத்து கொடுப்போம்."

"பெத்தவங்க எதுக்கு நடக்கணும்? அவங்களா பந்து அடிச்சாங்க?"

"அதுக்குத்தாம்மா. காலையில எழுப்பிவிட்டது, வண்டியில கொண்டு விட்டது, வேர்வைத் துணி துவைச்சது, இதுக்கெல்லாம்."

"நான் துணி துவைச்சதை ஊரே எந்திரிச்சு நின்னு பாராட்டணுமா? இங்க இருந்தப்போ நீ ஒரு தடவை சொல்லியிருந்தா போதாதா?"

"வீட்டுக்குள்ள சொன்னா யாரு கைதட்டுவா?" என்றான் அவள் புருஷன் ஆசென், சோபாவிலிருந்து. டாக்ஸி ஓட்டிவிட்டு வந்து, கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ராக்கியா என்ற பிளம் சாராயத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"நீ சும்மா இரு. சரி, உன்கூட யாரு நடப்பா? நாங்க இங்கல்ல இருக்கோம்."

போனுக்குள் பிலியானா நகத்தைப் பார்த்தாள். அந்த நகத்தைப் பார்க்கிற பார்வை இஸ்க்ராவுக்குத் தெரியும். பெண் ஏதோ உடைத்துவிட்டு வந்து நின்றால் இப்படித்தான் பார்ப்பாள்.

"கரோல் நடக்கறேன்னு சொல்றாங்க."

மிளகாய் கையிலிருந்து வழுக்கித் தட்டில் விழுந்தது.

"என்னன்னு சொல்லி நடப்பாளாம்? அம்மான்னா?"

"'இங்கத்து அம்மா'ன்னு மைக்குல சொல்லுவாங்க."

"ரெண்டு மாசம் ரொட்டிக்கு நடுவுல ஹாம் வெச்சுக் கொடுத்தவ அம்மாவா?"

"அம்மா, அவங்களும் பாவம். ஒரே பையன், அவனுக்கு விளையாட்டே ஆகாதாம். வருஷா வருஷம் இந்த விழாவுல அடுத்தவங்க பிள்ளைங்களுக்குப் பாப்கார்ன் வித்துட்டு வாசல்ல நிப்பாங்களாம். அவங்களே சொன்னாங்க, 'முதல்ல உங்க அம்மாகிட்ட கேளு. அவங்களுக்கு மனசில்லன்னா நான் பாப்கார்ன் விக்கப் போயிடறேன்'னு."

"விக்கட்டும். பாப்கார்னும் நல்ல தொழில்தான். நீ தனியா நட."

"தனியா நடக்கிறவங்கன்னா ஆள் இல்லாதவங்கம்மா."

"உனக்கு ஆள் இருக்குன்னு சொல்லு. எட்டூருக்குக் கேக்கிற மாதிரி சொல்லு."

"உனக்கு எதையுமே விளக்க முடியாது!"

அந்தப் பக்கத்துப் போன் அப்படியே சாய்ந்தது. உத்தரமும் விளக்கும் தெரிந்தன. தடதடவென்று காலடி. அப்புறம் ஒரு கதவு 'டமார்' என்று அறைந்து சாத்தப்பட்டது. தூரத்திலிருந்து ஒரு பெண்குரல், கரோலாகத்தான் இருக்கும், ஏதோ கத்தியது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அந்தக் கத்தலின் ஏற்ற இறக்கம் இஸ்க்ராவுக்கு மனப்பாடம். 'கதவு என்னடி பாவம் பண்ணுச்சு?' என்று பதினேழு வருஷமாக அவள் கத்திய அதே கத்தல்.

"கேட்டியா?" என்றான் ஆசென். "அங்கயும் அறைஞ்சு சாத்தறா. வித்தை மறக்கலை."

அவன் சிரித்தான். இஸ்க்ரா சிரிக்கவில்லை. அந்தக் கத்தல்தான் அவளுக்கு வலித்தது. பூங்கொத்தை விட, மைக்கை விட, அதுதான்.

"உனக்கு ஒண்ணும் இல்லையா? உன் இடத்துல ஒருத்தன் வந்து அப்பான்னு நடந்தா?"

ஆசென் குவளையை ஒரு சுற்றுச் சுற்றினான். "அந்தம்மாவுக்குப் புருஷன் இருக்கானா?"

"விவாகரத்து."

"அப்போ என் பக்கம் காலி. காலியாவே இருக்கட்டும். அது என் இடம்," என்று சொல்லிவிட்டு, டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பனித்சா கடையில், மெலிசாக இழுத்த மாவுக்கு நடுவே பாலாடைக்கட்டியை உதிர்த்துச் சுருட்டிக்கொண்டே, இஸ்க்ரா எல்லாவற்றையும் பென்காவிடம் கொட்டினாள். பென்கா அவளைவிடப் பதினைந்து வயசு பெரியவள். அடுப்புப் பக்கம் அவள் ராஜ்ஜியம். சண்டை என்று காதில் விழுந்தால் மாவைவிட வேகமாக உப்புவாள்.

"விடாதேடி!" என்றாள் பென்கா. "இன்னிக்குக் கையைக் கோப்பா, நாளைக்குப் பெண்ணையே வெச்சுக்குவா. அமெரிக்காக்காரி! பெத்தது நீ, வலிச்சது உனக்கு, பூ அவளுக்கா?"

"அதைத்தான் நானும் சொன்னேன்க்கா."

"நல்லா சொன்ன. ஊரே பார்க்கட்டும். அத்தனை பிள்ளைங்களும் அப்பா அம்மாவோட போகட்டும். உன் பெண் மட்டும் நிமிர்ந்து தனியா வரட்டும். அனாதை இல்லத்துப் பிள்ளை வர்ற மாதிரி, கௌரவமா!"

இஸ்க்ராவின் கை நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"கௌரவமா வரட்டும்னேன்."

"அதுக்கு முன்னாடி."

பென்கா வாயைத் திறந்தாள். தான் சொன்னது அவளுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே ஒன்றும் இல்லாத தட்டை எட்டிப் பார்த்தாள்.

"நான் உன் பக்கம்தானேடி பேசினேன்?" என்றாள் உள்ளே பார்த்தபடியே.

"ஆமாக்கா. என் பக்கம்தான். நான் நேத்து பேசினதையேதான் பேசினீங்க. என் வாயில வந்தப்போ இவ்வளவு அசிங்கமாத் தெரியலை."

அன்று சாயங்காலமே பிலியானாவைக் கூப்பிட்டாள். பெண் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நடக்கட்டும்," என்றாள் இஸ்க்ரா, வணக்கம்கூடச் சொல்லாமல்.

"யாரு?"

"யாரா? பாப்கார்ன்காரிதான். நடக்கட்டும். உன் கையைப் பிடிச்சுக்கட்டும். அழுத்திப் பிடிக்கச் சொல்லு, நீ வேகமா நடக்கறவ."

பிலியானா பிரஷை வாயிலிருந்து எடுத்தாள். நுரை மோவாயில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அம்மா, இன்னொண்ணு இருக்கு. கோபப்படாதே," என்றாள்.

"இன்னும் என்னடி?"

"நடக்கறப்போ மைக்குல ஒரு வரி வாசிப்பாங்க. பெத்தவங்க பிள்ளையைப் பத்திச் சொல்ற வரி. எல்லாரும் பெருமையா எழுதிக் கொடுத்திருக்காங்க. எங்க வீட்டுச் சூரியன், எங்க அதிர்ஷ்டம், அந்த மாதிரி. கரோல் எனக்கு எழுதறேன்னாங்க—"

"பெருமையாவா? அத்தனை பேர் கண்ணு முன்னாடியா? மைக் போட்டா? தூ, தூ, தூ!" இஸ்க்ரா இடது தோளுக்கு மேலாகத் துப்பினாள். பெண் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் யார் பார்ப்பது? "ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லக்கூடாது. சொல்லிட்டேன்."

"அப்போ வரி வேண்டாம்னு சொல்லிடவா?"

"யாரு வேண்டாம்னா? அவ நடக்கட்டும். வரி என்னோடது. நான் சொல்றேன், நீ அவங்க பாஷையில மாத்திக் கொடு."

"சொல்லு."

இஸ்க்ராவுக்கு ஒன்றும் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

மறுநாளும் வரவில்லை. ஆசென் உதவிக்கு வந்தான்.

"'கெட்டிக்காரி'ன்னு சொல்லேன்."

"கண்ணு படும்."

"'சுமாரான கெட்டிக்காரி'?"

"யோவ், போய்யா."

"'சூப்புல இருக்கிற கேரட்டைப் பொறுக்கி வெச்சிடுவா.' இதுக்கு யார் கண்ணும் படாது."

"கேரட்டைப் பத்தி அமெரிக்காவுல வாசிக்கணுமா?"

"பின்னே என்னத்தைத்தான் சொல்றது? அவகிட்ட இருக்கிறது கதவை அறையறது ஒண்ணுதான். அவ போனதுலேருந்து இந்த வீட்டுக் கதவெல்லாம் என்னமா மரியாதையா மூடுது பாரு. சத்தமே இல்ல. நான் வந்தா உனக்குத் தெரியறதில்லை, நீ வந்தா எனக்குத் தெரியறதில்லை. பேய் வீடு மாதிரி."

இஸ்க்ரா அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆசெனுக்கு தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. தட்டில் இருந்த கடைசி வெள்ளரி ஊறுகாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை விடியக்காலை. அங்கே இன்னும் வியாழக்கிழமை சாயங்காலம். கடையில் முதல் தட்டு அடுப்புக்குள் இருந்தது. வாசல் கதவு இன்னும் பூட்டித்தான் இருந்தது. ஆசென் டாக்ஸியை வெளியே நிறுத்திவிட்டு, மாவு மேஜையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். போனை எண்ணெய்ப் புட்டிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தவள், கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்திருந்த இன்னொரு ஆட்டக்காரப் பெண். முதலில் வெகுநேரம் தரையும் தன் ஷூவுமாகக் காட்டினாள்.

"நல்ல ஷூ," என்றாள் பென்கா.

"அக்கா, கொஞ்சம் நகருங்க. தலை மறைக்குது."

படம் நிமிர்ந்தது. பளபளவென்று மரத்தரை, படிப்படியாக ஜனங்கள். ஒவ்வொருத்தியாக நடந்தார்கள். ஒரு தகப்பன் ஆட்டுக்குட்டி மாதிரி அழுதுகொண்டே போனான். பென்கா அவனுக்கும் சேர்த்து மூக்கைச் சிந்தினாள்.

பிறகு பிலியானாவின் பேர். அதைத் தொடர்ந்து, மைக்குக்காரன் வாயில் ஏறி விழுந்து எழுந்து, இஸ்க்ராவின் பேரும் ஆசெனின் பேரும்.

"நம்ம பேர்!" ஆசென் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

கரோல் குட்டையான பெண். புதுசாக முடி வெட்டிக்கொண்டிருந்தாள். பிலியானாவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிச் சாமானைத் தூக்கிப் போகிறவள் மாதிரி நடந்தாள். பிலியானாவின் இடது கை மட்டும் முழங்கை மடங்கி, பக்கவாட்டில் நீட்டியபடியே இருந்தது. யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

"ஏண்டி கையை அப்படி வெச்சிருக்கா, அடிபட்டுடுச்சா?" என்றாள் பென்கா.

"இல்லை," என்றான் ஆசென். "அது என் கை."

மைக்குக்காரன் வரியை வாசித்தான். ஜனங்கள் குபீரென்று சிரித்தார்கள். அவன் அடுத்ததையும் வாசித்தான். சிரிப்பு சட்டென்று நின்றது. எங்கோ ஒரு பெண் 'ஓ' என்றாள். கரோல் கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தாள். எடுத்த கையை உடனே பழைய இடத்தில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி சொன்னான்?" பென்கா உலுக்கினாள். "என்ன சொன்னான்?"

"நான் சொன்னதை."

"நீ என்ன சொன்ன?"

இஸ்க்ரா படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "'அவ கதவை அறைஞ்சு சாத்தறவ. இப்ப எங்க வீட்டுல எந்தக் கதவும் சத்தம் போடறதில்லை.'"

பென்கா போனைக் கொஞ்சம் இஸ்க்ரா பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

நடுவில் நின்று ஒரு ஆள் பிலியானாவிடம் பூங்கொத்தைக் கொடுத்தான். சிவப்பு ரோஜா, கண்ணாடித்தாளில் சுற்றியது. முன்னால் போன எல்லோருக்கும் கொடுத்ததே.

"எத்தனை இருக்கு?" என்றாள் இஸ்க்ரா.

பென்கா போனுக்குள்ளேயே மூக்கை நுழைத்தாள். "டஜன். டஜன் டஜனாத்தான் கட்டியிருக்காங்க பாவிங்க! இரட்டைப்படையிலயா பூ கொடுக்கிறது, கல்லறைக்குக் கொண்டு போற மாதிரி? அந்தம்மா உசிரோட நிக்கிறாடி!"

பிலியானாவும் பார்த்துவிட்டாள். கொடுக்க நீட்டிய கை பாதியில் நின்றது. அடுத்த பெண்ணின் பேரைக் கூப்பிட்டாகிவிட்டது. மைக்குக்காரன் கையால் ஜாடை காட்டினான். இவள் அசையவில்லை. கண்ணாடித்தாளைக் கிழித்தாள். ஒரு ரோஜாவை உருவினாள். மீதியைக் கரோலிடம் கொடுத்துவிட்டு, குனிந்து காதில் ஏதோ சொன்னாள். கரோல் பூவைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், இரண்டு கையாலும் அவளைக் கட்டிக்கொண்டாள். பிலியானா உருவிய பூவைப் பல்லால் கவ்விக்கொண்டு பதிலுக்குக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது.

இஸ்க்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்குமென்று எதிர்பார்த்த இடம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை.

"தட்டு!" என்று அலறினாள் பென்கா. "தட்டுடி! தீயுது!"

பிலியானா கூப்பிட்டபோது கடை திறந்து, பஸ் டிரைவர்கள் ஓரம் கருகிய பனித்சாவைத் திட்டிக்கொண்டே தின்றுகொண்டிருந்தார்கள். மேட்சில் தோற்றுவிட்டார்களாம். அவள் முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"பார்த்தியாம்மா?"

"பார்த்தேன். பூவைப் பல்லால கடிக்கிறதா, நாய்க்குட்டி மாதிரி?"

"கரோல்கிட்ட விளக்கிச் சொன்னேன். இனிமே யாருக்குப் பூ வாங்கினாலும் எண்ணித்தான் வாங்குவாங்களாம்." ரோஜாவைத் தூக்கிக் காட்டினாள். காம்பில் பல் பதிந்திருந்தது. "இது உனக்கு. ஆனா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணு போதும்," என்றாள் இஸ்க்ரா. "ஒண்ணும் ஒற்றைப்படைதான்."

இடுப்பில் கட்டியிருந்த துணியில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, போனை இன்னும் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"தண்ணியில போட்டு வை. அப்புறம், கரோல் பக்கத்துல இருக்காளா? கூப்பிடு. அந்தக் கதவை எப்படிச் சமாளிக்கிறதுன்னு அவளுக்கு ஒண்ணு சொல்லித் தரணும்."