வெட்டுகிறவளுக்கு வால்

"உள்ளங்கையா, புறங்கையா?"

ஐந்தாம் வகுப்பில் சார் அவளைக் கேட்ட கேள்வி அது. அவள் வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் பார்த்தால் அவளுக்குத் தொண்டைக்குள் கதவு சாத்திக்கொள்ளும். காத்திருக்கச் சாருக்குப் பொறுமை இல்லை; புறங்கையை அவரே தேர்ந்தெடுத்தார். மேசைமேல் படுத்திருந்த காய்ந்த திருக்கை மீன் வால் எழுந்து விரல் முட்டிகளில் இறங்கியது. பிரம்பு அடித்தால் வீங்கும். திருக்கை வாலின் தோல் அரம் மாதிரி; பட்ட இடத்தை உரித்துக்கொண்டு போகும். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

அந்த வால் எங்கிருந்து போனது என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய அத்தை கடையிலிருந்துதான்.

மார்க்கெட்டில் அத்தைக்கு மீன்கடை. வெட்டுக்கட்டை மாமாவுடையது. திருக்கையை யார் வெட்டுகிறார்களோ, வால் அவர்களுக்கு. அதை விற்கலாம், வீசலாம், யாரும் ஏனென்று கேட்க முடியாது. மாமா நல்ல வாலாகப் பார்த்து உப்புத் தடவி, நுனியில் கல் கட்டி, கோணாமல் தொங்கவிட்டுக் காயவைப்பார். பள்ளிக்கூடம் திறக்கும்போது அது சாருக்குப் போகும். சாரும் பள்ளி விடுதிச் சமையலுக்கு அத்தையிடம்தான் மீன் வாங்குவார்.

இந்த வருஷம் மாமா ஒரு தப்புச் செய்தார். வலையிலிருந்து எடுத்ததுமே வாலடியில் இருக்கும் விஷமுள்ளைப் படகுக்காரர் ஒடித்துவிடுவார். ஒடித்தாயிற்றா என்று கேட்காமல் மாமா கூடைக்குள் கையை விட்டார். முள் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பொறுக்கிற சூட்டுத் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு, திருக்கையின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார். இரண்டு மாசத்துக்குக் கத்தி தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, கட்டைக்கு அவள் வந்தாள்.

வேலை அவளுக்குக் கைவந்தது. திருக்கையின் இரண்டு சிறகையும் அறுத்துச் சுடுதண்ணீரில் காட்டி, கத்தியின் முதுகால் தோலைச் சுரண்டி, மூன்று தண்ணீர் கழுவுவாள். இதில் சோம்பல் பட்டால் அடுப்பில் வைத்ததும் மூத்திர வாடை வீட்டை விட்டு விரட்டும். வந்த வாலையெல்லாம் உரித்து, தோலை மரக் கைப்பிடி தேய்க்கத் தச்சருக்குக் கொடுத்தாள். மிச்சத்தை விரல் நீளத்துக்கு நறுக்கிப் பூனைகளுக்குப் போட்டாள். ஒன்றைக்கூட முழுசாக விடவில்லை.

"அடியே, சார் வந்து கேட்டா நான் என்னடி சொல்றது?" என்றாள் அத்தை.

"வெட்டுறவளுக்குத்தான வால்?"

"பேச மாட்டா பேச மாட்டான்னு சொன்னாங்க, எங்கிட்ட மட்டும் எப்படிப் பேசுது பாரு!"

அவளுடைய தங்கச்சி இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. அதே சார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

சனிக்கிழமை காலை படகுக்காரர் ஒரு திருக்கையைக் கொண்டுவந்து போட்டார். கட்டை கொள்ளாத மீன். ஒரு ஆள் உயரத்துக்கு வால்.

"முள்ளு ஒடிச்சாச்சு தாயி. உங்க மாமா மாதிரி பாட்டுப் பாட வேண்டாம்," என்று சிரித்தார். அவள் வாலை அடியோடு அறுத்துக் கட்டையில் நீட்டினாள். கத்தியை ஓங்கும்போது எதிரே சார் நின்றிருந்தார்.

"அடடா, இதுல்ல வால்! அப்படியே குடும்மா. போன வருஷத்துது நுனி பிஞ்சு போச்சு."

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பார்!

"எடுத்துக்கங்க சார்," என்று அத்தை பாய்ந்து வந்தாள். "காயவச்சு நானே கொண்டாந்து தரேன்."

அவள் கத்தியை வாலின்மேல் வைத்தாள். தூக்கவில்லை.

"கையை எடுடி," அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "விடுதி மீனு போயிடும்."

பக்கத்துக் கடை இறால்காரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பூனை இன்னைக்கு நகத்தைக் காட்டுது?" யாரோ சிரித்தார்கள். நாலு பேர் என்ன, பத்துப் பேர் பார்த்தார்கள். தொண்டைக்குள் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. அவள் தங்கச்சியின் கைகளை நினைத்தாள். நேற்றுத்தான் அந்தப் பத்து நகத்துக்கும் மருதாணி வைத்துவிட்டிருந்தாள்.

"சார்," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. வந்துவிட்டது, அது போதும். "அடியா, நுனியா?"

"என்னம்மா?"

"எந்தப் பக்கத்துலேருந்து நறுக்கணும்? நீங்களே சொல்லுங்க."

சார் சிரிக்கப் பார்த்தார். "நறுக்கறதா? எனக்கு முழுசா வேணும்."

"முழுசாத் தர மாட்டேன். இது என் வால்." கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். "சொல்ல மாட்டீங்களா? சரி, நானே எடுத்துக்கறேன். நுனி."

கத்தி இறங்கியது. விரல் நீளம். மறுபடி இறங்கியது. நிதானமாகத்தான் வெட்டினாள். வாலை அழுத்திப் பிடித்திருந்த இடது கையின் முட்டிகளில், ஈரம் பட்டதும் வெளுத்துத் தெரியும் நாலு கோடுகள். சாரின் கண் கத்தியிலிருந்து அந்தக் கைக்கு வந்து, அங்கேயே நின்றது. பிறகு அவள் முகத்துக்கு ஏறியது.

"திங்கக்கிழமை என் தங்கச்சி உங்க வகுப்புக்கு வருவா," என்றாள். "அவளும் நாலு பேர் முன்னாடி பேச மாட்டா. கொஞ்சம் காத்திருங்க. பதில் வரும்."

கடைசித் துண்டும் விழுந்தது. பூனைகள் கட்டையடிக்கு வந்துவிட்டன. இறால்காரம்மா தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"சார், மீனாவது..." என்று அத்தை தடுமாறினாள்.

சார் தன் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். ஒரு பூனை காலுக்குக் குறுக்கே வர, ஒதுங்கி அதற்கு வழிவிட்டார். பிறகு மீன் வாங்காமலே நடந்துபோனார்.