மஸ்டாங்கின் முன்பக்கம்

காலின் செத்து நான்கு மாதம் கழித்து அவனுடைய கார் மெக்கானிக் ஓடிஸின் பட்டறையில் முன்சக்கரங்கள் இல்லாமல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அறுபத்தாறாம் வருடத்து மஸ்டாங். அவன் அப்பா வெண்டல் ஹ்ருஷ்கா குனிந்து அடியில் பார்த்தார். பார்த்தாரே ஒழிய மனதில் ஒன்றும் ஏறவில்லை. தானியக் கிடங்கில் வேலையில் இருந்த மகன், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் சரிந்தான் என்று செய்தி வந்தபோதும் இப்படித்தான். அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் ஹாம் சாண்ட்விச் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

“சக்கரத்தைத் தாங்குற லோயர் ஆர்ம் ரெண்டும் போச்சு. ரப்பர் புஷ்ஷெல்லாம் பொடி. ஸ்ப்ரிங்கும் உட்கார்ந்துடுச்சு,” என்றார் ஓடிஸ். “என்ன போடணும்னு சொல்லுய்யா.”

பக்கத்தில் மருமகள் மாரீன் நின்றாள். கார் இப்போது அவளுடையது.

இந்தக் கேள்வியில்தான் அப்பனும் மகனும் வருடக்கணக்கில் முட்டிக்கொண்டார்கள். எஞ்சினுக்கு இருபுறமும் ஸ்ப்ரிங்கைத் தாங்கி நிற்கும் இரும்புக் கூடுகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதுமாதிரி சஸ்பென்ஷன் செட்டு பொருத்த வேண்டும் என்பான் காலின். வெட்டினால் அது மஸ்டாங்கே இல்லை, தொழிற்சாலையில் இருந்து வந்த மாதிரியே இருக்கட்டும் என்பார் வெண்டல். குடும்பமாக உட்கார்ந்த கடைசி வான்கோழி விருந்தில்கூட இதற்காகக் காலின் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

“உங்க ரெண்டு பேர் சண்டையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு,” என்றாள் மாரீன். “நீங்களே சொல்லுங்க. காலின் சொன்னபடியா, நீங்க சொன்னபடியா?”

ஜெயித்த சந்தோஷமோ குற்ற உணர்வோ வருமென்று வெண்டல் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டார்: “நீ இதை எங்க ஓட்டப்போற?”

மகனிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி.

“டுபூக்குல இருக்குற அம்மா வீட்டுக்கு. வழியில அந்த ஆத்தங்கரை வளைவு இருக்குல்ல, அங்க வண்டி மூக்கு ஒரு பக்கமா சாயும். பயத்துல பிரேக்கை மிதிச்சுடுவேன்.”

வெண்டல் ஓடிஸைப் பார்த்தார். “கூட்டை வெட்ட வேணாம். மேல் ஆர்மை ஒரு அங்குலம் கீழ புதுசா துளை போட்டு மாட்டு. கொஞ்சம் கெட்டியான ஸ்ப்ரிங், வளைவுல சாயாம இருக்கத் தடிச்ச ஸ்டெபிலைசர் பார். டிஸ்க் பிரேக்கும் போட்டுடு.”

“துளையா? ஒரு போல்ட்டை மாத்தினாலே நெஞ்சைப் பிடிச்சுக்குற ஆளாச்சே நீ.”

“போடுய்யா.”

“காலின் ஆசைப்பட்டது?” என்றார் ஓடிஸ்.

“அவன் ஓட்டப்போறதில்ல.”

மாரீன் தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னது சுட்டிருக்கும் என்று வெண்டலுக்குத் தெரிந்தது. அவருக்கு மட்டும் சுடவில்லை.

வேலை முடிந்து, சோளம் இடுப்புயரம் வளர்ந்த ஒரு ஞாயிறு, வெண்டலைப் பக்கத்தில் உட்காரவைத்து டுபூக்குக்கு மாரீனே ஓட்டினாள். வளைவில் பிரேக்கை மிதிக்கப் போனவளை, “மிதிக்காத, அப்படியே விடு,” என்றார். வண்டி தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது.

“சாயல,” என்றாள் மாரீன்.

கொஞ்ச தூரம் போய் ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து விம்மி அழுதாள். வெண்டல் சோளக்காட்டைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, இப்படிச் செய்வதுதான் முறை என்று நினைத்து, அவள் தோளில் கை வைத்தார். கை மரக்கட்டை போல இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

“உங்கம்மா சாப்பாட்டுக்குக் காத்துட்டிருப்பாங்க,” என்றார் அழுகை அடங்கியதும்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.